நம் பேட்டை இசை ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகக் குழு மழைக்காலம் தவிர மாதந்தோறும் கூடியது. சந்தா பாக்கி போன ஆண்டைப் போலவேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

‘கச்சேரி கேட்கணும்னா மயிலாப்பூருக்குத்தான் போகணும்’ என்று நம் ஆட்களே சொல்லிக்கொண்டு திரிகிறோம். அதனால்தான் இந்த ஆண்டு நிகழ்ச்சிகளை எல்லாம் வடசென்னையில் வாழ்ந்த, வந்து தங்கிய கலைஞர்களை வைத்தே நடத்தினோம்.

முதல் நிகழ்ச்சி மணலியைப் பற்றியது. மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரியும்தான் நமக்கு ஞாபகம் வரும். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் அங்கே வந்து தங்கியது. கோட்டையில் வாசித்த வெள்ளைக்காரர்களின் பேண்டைப் பிள்ளைகள் கேட்டார்கள். இளையவர் பாலுசுவாமி ஐரோப்பியரிடமே வயலின் கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்குள் அந்த வாத்தியத்தைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஆனார். மூத்தவர் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாடல் வரிகள் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அன்று நம் பகுதி வயலின் மாணவர்கள் ‘சந்ததம் பாஹிமாம்’ வாசித்தார்கள். அது இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப் பாட்டு மெட்டு என்று சொன்னதும், பின் வரிசையில் ஒரு பெரியவர் விளையாட்டாக எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறம் ஒரு ஞாயிறு காலை ஜார்ஜ் டவுனில் நடை. ஞாயிறு என்பதால்தான் நடக்கவே முடிந்தது; மற்ற நாளில் மீன்பாடி வண்டிக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும். சென்னைக்கு வந்த தியாகராஜர் பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார். திருவொற்றியூர் அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கல்யாணி ராகத்தில் அமைந்த ‘சுந்தரி நீ திவ்ய’ அவற்றில் ஒன்று. அவருடைய சீடர் வீணை குப்பய்யர் நம் பக்கத்து ஆள்தான்.

நடையில் அதிகம் பேசியது வீணை தனம்மாளைப் பற்றி. 1867இல் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம். அவர் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாயங்கால வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். அடக்கமான நாதம், கூடத்தில் யாராவது இருமினால்கூட வாசிப்பு கெட்டுவிடும். கடைசிக் காலத்தில் கண்பார்வை போயும் வீணையை விடவில்லை. பாட்டில் பிருந்தாவும் முக்தாவும், பரதத்தில் பாலசரஸ்வதியும், புல்லாங்குழலில் விஸ்வநாதனும், மிருதங்கத்தில் ரங்கநாதனும் அவருடைய பேரப்பிள்ளைகள். ஒரே வீட்டிலிருந்து இத்தனை பேர்! அவர் பெயருக்கு ஒரு கல்வெட்டாவது வைக்க வேண்டும் என்று நடையின் முடிவில் உறுப்பினர்கள் சொன்னார்கள். மனு தயாராகிறது.

கடைசி நிகழ்ச்சி கானா. இதில்தான் குழுவுக்குள் சண்டை. ‘சாவு வீட்டுப் பாட்டை தியாகராஜர் பக்கத்தில் வைப்பதா?’ என்று கேட்டார்கள். பேசிவைத்திருந்த மண்டபத்திலும் கானா என்ற சொல்லைக் கேட்டதும் தேதி இல்லை என்றுவிட்டார்கள். என் பதிலைக் குழுவில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். பாலுசுவாமி கையில் எடுத்தபோது வயலின் அந்நியர் வாத்தியம். தனம்மாள் வந்த தேவதாசி மரபையும் ஒரு காலத்தில் தாழ்வாகத்தான் பேசினார்கள். இன்று அந்த இரண்டையும் யாரும் ஒதுக்குவதில்லை. கானாவை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்?

ஒரு பள்ளி மைதானம் கிடைத்தது. வந்த பாடகர் தரையிலேயே உட்கார்ந்து, டோலக் கயிற்று வளையங்களைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். அதற்கே கால் மணி நேரம், மைக்செட்காரர்தான் தவித்துப்போனார். முதலில் இறந்தவரைப் பற்றிய பாட்டு, பிறகு ரேஷன் கடை, குடிதண்ணீர், காதல். புளியந்தோப்பு கானா பாலா ‘அட்டகத்தி’ (2012) வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்ததையும், ராயபுரத்து இசைவாணி 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் ஒரே பெண் பாடகியாக மேடையேறி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றதையும் நம் துணைச்செயலாளர் எடுத்துச் சொன்னார். எதிர்த்துப் பேசியவர்களில் இருவர் கடைசி வரை இருந்து கேட்டார்கள். கருத்து மாறியதா என்று நான் கேட்கவில்லை.

வரும் ஆண்டில் கானா பயிற்சி வகுப்பு ஒன்றும், வீணை வகுப்பு ஒன்றும் ஒரே கூடத்தில், வெவ்வேறு நாளில் நடத்தத் திட்டம். கூடத்தின் வாடகைக்குப் பணம் வேண்டும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்; பாக்கி வைத்திருப்பவர்கள் வேறு வழியாகப் போக முடியாது.