நம் வீட்டுக் கணினியில் எல்டன் ரிங் ஓடுமா?

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. பொங்கல் விடுமுறையில் நீயும் தம்பியும் விளையாட எல்டன் ரிங் வாங்கலாமா, வீட்டுக் கணினியின் கிராபிக்ஸ் கார்டு அதைத் தாங்குமா என்று கேட்டிருந்தாய். ஃபோனில் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த விளையாட்டுக்கும் இதே கேள்வி வரும் என்பதால், எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தம்பி உன்னிடம் "நம்மிடம் 8 ஜிபி கார்டு இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறான். அவன் விண்டோஸில் கணினி விவரம் காட்டும் டிஎக்ஸ்டயாக் என்ற கருவியைத் திறந்து, டிஸ்பிளே பக்கத்தில் இருந்த மொத்த நினைவகக் கணக்கைப் படித்திருக்கிறான். அந்தக் கணக்கில் கார்டின் சொந்த நினைவகத்தோடு, தேவைப்பட்டால் கணினியின் ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடிய அளவையும் விண்டோஸ் கூட்டிக் காட்டும். அந்தக் கடன் பொதுவாக ரேமில் பாதி. நம் கணினியின் ரேம் 8 ஜிபி, அதில் பாதி 4, கார்டுக்குச் சொந்தமானது 4, ஆக 8. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் ஜிபியு என்பதைத் தொட்டால், இந்த இரண்டும் தனித்தனியாகத் தெரியும். 'டெடிகேட்டட்' என்று போட்டிருப்பது மட்டும்தான் கார்டினுடையது.

அந்த 4 ஜிபியை வைத்தும் முடிவு செய்துவிடாதே. எல்டன் ரிங் கேட்கும் குறைந்தபட்சக் கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 3 ஜிபி. நம்முடையது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. நான்கு மூன்றைவிடப் பெரிது, ஆகவே நம் கார்டு போதும் என்று யாருக்கும் தோன்றும், உண்மை நேர்மாறானது. கணக்குப் போடும் சிறு அலகுகளான கோர்கள் 1050 டிஐ-யில் 768, 1060 மூன்று ஜிபி கார்டில் 1152. நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் வேகமும் நம்முடையதில் நொடிக்கு 112 ஜிபி, அதில் 192. அண்டா பெரிதாக இருந்தாலும் அடுப்பு சிறிதாக இருந்தால் சமையல் தாமதமாகத்தான் முடியும். எனவே முதலில் கார்டின் முழுப் பெயரைப் பார். 1060 என்பதில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, அடுத்த இரண்டு அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். புதிய தலைமுறை என்பதற்காக எல்லாம் உயர்ந்ததாகவும் ஆகிவிடாது. பின்னால் வந்த 1650-ஐவிட இந்தப் பழைய 1060 பல விளையாட்டுகளில் முந்தியே ஓடுகிறது.

ஆகவே நம் கார்டில் எல்டன் ரிங் திறக்கும், ஓடவும் செய்யும். ஆனால் எல்லா அமைப்புகளையும் தாழ்த்த வேண்டியிருக்கும், அப்படியும் திக்கினால் திரை அளவையும் 1280 x 720-க்கு இறக்க வேண்டும். கணினியின் மையச் செயலியான சிபியு பற்றிக் கவலை வேண்டாம். அவர்கள் கேட்கும் ஐ5-8400 தான் நம்மிடமும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் சரிசெய்ய வேண்டியது கார்டு அல்ல, ரேம். விளையாட்டு 12 ஜிபி கேட்கிறது. நம்மிடம் 8 தான். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருக்கிறது. அதில் இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஆகும். ரேம் ஜோடியாக வேலை செய்வதால் கொஞ்சம் வேகமும் கிடைக்கும்.

மூடியைத் திறந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். மின்சாரம் கொடுக்கும் பெட்டியான நம் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து கார்டுக்குப் போகும் ஆறு முனை வயரே இல்லை. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் மட்டும் 75 வாட் வரை கொடுக்கும். 1050 டிஐ அதற்குள் அடங்கிவிடுகிறது. 1060-க்கு 120 வாட் வேண்டும். ஆகையால் யாராவது பழைய 1060-ஐ மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கிவிடாதே. பின்னால் கார்டு மாற்றுவதென்றால், தனி வயர் கேட்காத, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 ஆறு ஜிபி கார்டு நமக்குப் பொருந்தும். எட்டு ஜிபி 3050 வேறு. அது மின்சாரம் கூடுதலாகக் கேட்கும். கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார் என்பதால் பெட்டியைப் படித்து வாங்க வேண்டும்.

ரேம் போட்ட பிறகு விளையாட்டை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தைத் தொடக்கக் குகையிலேயே செலவழிக்காமல், சீக்கிரம் வெளியே வந்து லிம்கிரேவ் என்ற வெட்டவெளிப் பகுதியில் ஓடிப் பாருங்கள். மூடிய இடத்தில் எந்தக் கார்டும் சமாளித்துவிடும். தூரத்து மரங்களும் புல்லும் ஒன்றாகத் தெரியும் இடத்தில்தான் அதன் பலம் தெரியும். அங்கே திக்கித் திக்கி ஓடினால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடு; உன் சம்பளப் பணம் வீணாக வேண்டாம், கண்ணு.

வரும்போது பெங்களூரிலேயே ரேம் வாங்கி வந்துவிடு: டிடிஆர்4 வகை, 8 ஜிபி, வேகம் 2666, டெஸ்க்டாப்புக்கானது. லேப்டாப் ரேம் நீளம் குறைவு, நம் ஸ்லாட்டில் உட்காராது. எஸ்எஸ்டி-யில் 60 ஜிபி இடத்தைத் தம்பி காலி செய்து வைத்துவிடுவான். மானிட்டர் வயர் மதர்போர்டில் இல்லாமல் கார்டில்தான் செருகியிருக்கிறது என்பதை நான் பார்த்துவிட்டேன்; அப்படி இருந்தால்தான் கார்டின் பலம் விளையாட்டுக்குக் கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா