பூக்கட்டிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் நம் நெல்லைச் சீமையின் குலதெய்வக் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பவர்கள் கூட்டம் கூடிவிடும். வரன் ஒன்று வந்திருக்கும், மனைக்கு முன்பணம் கேட்டிருப்பார்கள், பையனுக்கு வளைகுடாவில் வேலை வந்திருக்கும். 'சாமி உத்தரவு கொடுக்கட்டும்' என்று இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்து, வந்த நிறத்தைப் பதிலாக வைத்துக்கொள்கிறார்கள். கேட்பதைக் குறை சொல்ல வரவில்லை. கேட்கிற விதத்தில்தான் கோளாறு.

முதலில் பூ. ஒரு பொட்டலத்தில் பிச்சி, இன்னொன்றில் செவ்வரளி என்று வைக்கிறார்கள். பிச்சி எத்தனை மடிப்புக்குள் இருந்தாலும் மணத்தால் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளரளியும் செவ்வரளியும்தான் சரியான ஜோடி. அளவும் கனமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பூவில் ஈரம் இருக்கக் கூடாது. செய்தித்தாளில் மடித்தால் ஈரம் ஊறி, சிவப்பு வெளியே தெரியும். ஒரே வாழையிலையில் இரண்டு துண்டு, சாண் அகலத்தில் ஒரே அளவாகக் கிழித்து, தணலில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது வெடிக்காது. கட்டுவதற்கு வாழைநார், இரண்டிலும் ஒரே முடிச்சு. அரளி விஷம் என்பதால் எடுக்கிற பிள்ளை பிரித்து வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மடித்தவரே சாமி முன்னால் வைக்கக் கூடாது. கை மறந்தாலும் கண் மறக்காது. வேறொருவர் வாங்கி, தாம்பாளத்தில் துண்டைப் போட்டு மூடி, குலுக்கி வைக்க வேண்டும். எடுப்பது கேள்வி என்னவென்றே தெரியாத குழந்தையாக இருப்பது நல்லது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் (கி.பி. 921) ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் போட்ட பெயர் ஓலையை (குடவோலை) எடுக்கவும் விவரம் அறியாத பாலகனைத்தான் விடச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே பெரியவர்கள் கையை நம்பவில்லை! இன்றைக்கோ கல்யாணப் பெண்ணின் சித்தியே பொட்டலத்தை எடுக்கிறார்.

வெள்ளை வந்தால் சம்மதமா, சிவப்பு வந்தால் சம்மதமா என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். எடுப்பதற்கு முன்பே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும். எடுத்த பிறகு 'அம்மனுக்குச் சிவப்புதானே உகந்தது' என்று வியாக்கியானம் செய்யக் கூடாது.

கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 'கடையை விற்றுவிட்டுத் திருப்பூர் போகலாமா?' என்பது இரண்டு கேள்வி. விற்காமல் போகலாம், விற்றுவிட்டு இங்கேயே இருக்கலாம். வெள்ளை வந்தால் எதற்குச் சம்மதம்? 'இந்த வரன் நல்லதா?' என்பதும் பிடிகொடுக்காத கேள்விதான். 'இந்த வரனை இந்தத் தையிலேயே பேசி முடிக்கலாமா?' என்று கேட்டால் பதிலுக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, வேண்டிய பூ வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பது. இரண்டு பொட்டலம் வைத்து மூன்று தடவை எடுத்தால் ஒரு தடவையாவது வெள்ளை வருவதற்கு எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. அது உத்தரவே இல்லை, நம் ஆசைக்கு நாமே போட்டுக்கொள்ளும் முத்திரை. மூன்று தடவையும் தொடர்ந்து வெள்ளை வந்தால்தான் சம்மதம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு எடுத்தால் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படிக் கேட்பவருக்குத்தான் உண்மையிலேயே தயக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவ வீடுகளில், வேதாகமத்தில் வரும் கிதியோன் கடவுளிடம் இரண்டு தடவை அடையாளம் கேட்டானே என்பார்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் தெரியும்: முதல் இரவு களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்றான், மறு இரவு தோல் காய்ந்து தரை நனைய வேண்டும் என்று அடையாளத்தையே தலைகீழாக மாற்றிக் கேட்டான். கண்ணை மூடி வேதப்புத்தகத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கமும் இருக்கிறது. நடுவில் திறந்தால் பெரும்பாலும் சங்கீதம் என்ற துதிப்பாடல் பகுதிதான் வரும். அடிக்கடி படிக்கிற பக்கத்தில் புத்தகம் தானாகவே விரியும்.

கொடை என்னும் கோயில் திருவிழாவில் சாமியாடியிடம் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நள்ளிரவுச் சாமக்கொடையில் மேளம் உச்சத்தில் இருக்கும்போது திருநீறு வாங்கிக்கொண்டு கேட்கிறோம். ஆடுகிறவர் நம் சொக்காரராக (பங்காளியாக) இருந்தால் வீட்டுச் சண்டை, கடன், யாருக்கு யார் மேல் வருத்தம் என எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். சொத்து விஷயத்தை அவரிடம் கேட்காமல் இருப்பது அவருக்கும் நல்லது. இஸ்லாமியர் ஒரு முடிவுக்கு முன் இறைவனிடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழும்போதும் கனவு வந்தே தீர வேண்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. கடமைத் தொழுகை அல்லாத இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுது கேட்கும் அந்த துஆவில் (வேண்டுதலில்) கனவைப் பற்றிய பேச்சே இல்லை. நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் திருப்பிவிடு என்பதுதான் வேண்டுதல்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டியதைச் சாமியிடம் கேட்கக் கூடாது. மனைக்கு 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து, பட்டாவில் பெயரைச் சரிபார்த்து, மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் இரண்டு மனையில் எது என்று மனசு ஆடுகிறதா, அப்போது பூ எடுக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் பதிவு பெற்றவரா என்று விசாரிப்பதும் அப்படித்தான். அறுவை சிகிச்சைக்குப் பூக்கேட்டு நாள் கடத்துவது ஆபத்து. பெண் வேண்டாம் என்று சொன்ன வரனுக்கு அவள் இல்லாத நேரம் பார்த்துப் பூக்கட்டி, 'சாமியே சொல்லிட்டு' என்று அவள் வாயை அடைப்பதை எந்தப் பூசாரியும் அனுமதிக்கக் கூடாது.

கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இலையும் நாரும் கோயிலிலேயே வைத்திருங்கள். பூசாரியோ வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரோ மடிக்கட்டும். ஒரு காரியத்துக்கு ஒரு கேள்வி, ஒரு தடவை என்று பலகையில் எழுதி வையுங்கள். குழந்தை எடுத்த பொட்டலத்தைப் பிரித்ததும் மீதிப் பொட்டலத்தையும் எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டுங்கள். இரண்டிலும் வெள்ளையையே வைத்து மடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.