மனம் எந்த அணி? பட்டிமன்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் சுவரொட்டிதான். ‘மனித மனம் மூளையா, மூளைக்கும் மேலானதா?’ தலைப்பில் குறையில்லை. அறிவியல் அணி, ஆன்மிக அணி என்று பிரித்திருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு வழக்கு.

நம் சைவ சித்தாந்தத்தில் மனம் ஆன்மா பக்கமே இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் 36 தத்துவங்களுக்குள் வருபவை. மாயையில் பிறந்த கருவிகள், சடம், தாமாக எதையும் அறியாதவை. அறிவது உயிர். இதைச் சொல்ல வெளியூர்ப் பேராசிரியர் வேண்டாம். பாதரக்குடி மடத்திலோ துலாவூர் மடத்திலோ உபதேசம் கேட்ட பெரியவர் யாரும் சொல்வார். சரி, அந்தச் சடம் மூளைச் சதை இல்லை, நுண்ணுடலைச் சேர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மனம் வேறு, உயிர் வேறு. மூளை, மனம், உயிர் என்ற மூன்று பேர் வழக்கை இரண்டு அணிக்குள் எப்படி அடைப்பீர்கள்?

இரு அணியும் வைல்டர் பென்ஃபீல்டைக் கட்டாயம் இழுப்பார்கள். மாண்ட்ரீலில் வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையிலேயே வைத்து, மூளையில் மின்முனையால் தொட்டுப் பார்த்த மருத்துவர். தொட்டதும் கை அசையும். நோயாளியோ, நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள் என்பார். அப்படியானால் அந்த ‘நான்’ யார் என்று கைதட்டல் வாங்கிவிடலாம். பென்ஃபீல்டும் கடைசிக் காலத்தில், மனம் மூளைக்கும் மேலானது என்ற பக்கம்தான் சாய்ந்தார். ஆனால் ‘நான் இல்லை’ என்று உணர்வதும் மூளையின் வேலையாக இருக்கலாமே!

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. பெற்ற மகனைப் பார்த்து, “நீங்க எந்த ஊரு?” என்பார். விளக்கேற்றியதும் தேவாரத்தை ஒரு சொல் பிசகாமல் பாடுவார். ஆன்மா அப்படியே இருக்கிறது பாருங்கள் என்கிறார்கள் உறவுக்காரர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நம் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த அதே 1953இல், அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்புக்காக மூளையின் இருபுறமும் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதன்பின் புதிதாகப் பார்த்த முகம் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பழக்கம் மட்டும் கைக்கு வந்தது. நினைவில் பல வகை, அவற்றுக்குப் பல இடம். ஒன்று கெட்டாலும் இன்னொன்று நிற்கும். ஆச்சி விஷயத்தில் நான் மூளை அணிதான். ஆன்மா பத்திரம் என்று சொல்லிச் சொல்லியே அவரை மருத்துவரிடம் தாமதமாகத்தான் கூட்டிப்போனார்கள். அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

அதற்காக எல்லாம் தீர்ந்தது என்று அந்த அணி மார்தட்டவும் முடியாது. எந்த நரம்பு எப்போது துடிக்கிறது என்று அளக்கலாம். பாடும்போது ஆச்சிக்கு உள்ளே உண்டாகும் இன்பம் அந்தத் துடிப்பிலிருந்து எப்படி வந்தது என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

ஆகவே, சித்தாந்தம் படித்தவருக்கென்று மூன்றாவதாக ஓர் அணி போடுங்கள். ஒரு நரம்பியல் மருத்துவரையும் மேடையேற்றுங்கள். நேரம் பத்தாது என்றால், மாமியார்-மருமகள் துணுக்குகளில் பத்து நிமிடம் குறைத்தால் போதும்.

இப்படிக்கு,
முன்வரிசையில் உட்காரப்போகும் ஒருவன்