நுண்ணோக்கி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளுக்கு நுண்ணோக்கி நன்கொடையாக வருவது மகிழ்ச்சி. படத்தில் மட்டுமே செல்லைப் பார்த்த பிள்ளைகள் வெங்காயச் சவ்வில் உட்கருவைத் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் கருவி மட்டும் வந்தால் அது அலமாரியிலேயே கிடக்கும். ஸ்லைடு (மாதிரியை வைக்கும் கண்ணாடித் தகடு), கவர் ஸ்லிப் (அதன்மேல் மூடும் மெல்லிய கண்ணாடி), செல்லுக்கு நிறமேற்ற நீர்த்த அயோடின் கரைசல், சொட்டுக்குழாய், இடுக்கி, லென்ஸ் துடைக்கும் தாள் ஆகியவையும் கூடவே வர வேண்டும். நால்வருக்கு ஒரு கருவி என்றால் 40 பேருக்கு 10 போதும். கவர் ஸ்லிப் மட்டும் 100 கொடுங்கள். அதுதான் முதலில் உடையும்.

உடையக் காரணம் அவசரம். எடுத்தவுடன் 40 மடங்கு லென்ஸை வைத்து, குவியம் சரிசெய்யும் பெரிய திருகைத் திருப்பினால் லென்ஸ் கண்ணாடியில் மோதும். 4 மடங்கில் தொடங்கி, 10க்கு மாறி, 40இல் சிறிய திருகை மட்டுமே தொட வேண்டும். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்காவிட்டால் காற்றுக்குமிழி சிக்கும். கரிய விளிம்புள்ள அந்த வட்டத்தையே செல் என்று வரைந்துவிடுவார்கள்.

ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், கண்ணாடியையே அரித்துவிடும். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும், நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் மணிகளை வையுங்கள், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். மின்சாரம் நிலையில்லாத பள்ளிக்கு விளக்கோடு ஒளி திருப்பும் ஆடியும் உள்ள கருவியே சிறந்தது. நன்கொடையாளர்கள் வாங்கும் முன் அறிவியல் ஆசிரியரிடம் பட்டியல் கேளுங்கள். தீர்ந்துபோகும் பொருள்களுக்கென ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள்