சியான் தூசியைத் திட்டாதே

அன்பு மகளுக்கு,

சீனாவில், உன் சியானில் வசந்தகாலம் வந்தாலே துணி காயப்போட முடியவில்லை, ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் மஞ்சள் தூசி என்று புலம்பினாய். மாஸ்க் போட்டுக்கொள், கண்ணைக் கசக்காதே. இதற்கு மேல் போனில் ஆரம்பித்தால் "அம்மா, வகுப்பெடுக்காதே" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ஊருக்கு வடக்கே கிடக்கும் மஞ்சள் மண் பீடபூமி முழுக்க இந்தத் தூசிதான். கோபி பாலைவனத்திலிருந்தும் வடமேற்குச் சீனாவின் மற்ற பாலைகளிலிருந்தும் காற்று அள்ளிவந்து கொட்டியது. பல இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் கனம், லான்சோ நகரத்துப் பக்கம் 300 மீட்டரையும் தாண்டும். மஞ்சள் ஆறு மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். பாடப்புத்தகத்தில் 'காற்றடி வண்டல்' என்று ஓரிரு வரிதான் கொடுத்திருப்பார்கள், அநியாயம்.

சியானிலிருந்து யானான் நகருக்குப் போகிற வழியில் லோச்சுவான் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பள்ளத்தாக்கின் சுவரில் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறி மாறிப் பட்டைகள் தெரியும். மஞ்சள் பட்டை பனியுகத்தில் படிந்தது. அப்போது குளிர்காலக் காற்று வலுவாக வீசி, பருமனான துகளையும் அவ்வளவு தூரம் தூக்கிவந்தது, மழையோ குறைவு. பூமி சூடானபோது கோடைப் பருவக்காற்று உள்ளே வரை மழை கொண்டுவந்தது, புல் முளைத்தது, தூசி மெதுவாகப் படிந்து வளமான மண்ணாக மாறியது, அதுதான் செம்பழுப்பு. அந்த ஈர மண்ணில் நுண்ணிய காந்தக் கனிமங்கள் உருவாகும் என்பதால், ஒரு கருவியை வைத்து அளந்தாலே எந்தக் காலத்தில் பருவமழை வலுவாக இருந்தது என்று சொல்லிவிடலாம். நம் ஊர் மழைக்காக வானத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது ஆச்சரியமாக இல்லையா?

வயதையும் காந்தத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். பூமியின் வடதுருவக் காந்தமும் தென்துருவக் காந்தமும் இடம் மாறிய காலங்கள் உண்டு, கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அந்தத் தடம் இந்த மண்ணிலும் பதிந்திருக்கிறது. ஆய்வாளர்கள் லியூ டுங்செங்கும் ஃபிரீட்ரிக் ஹெல்லரும் 1982-இல் அதை வெளியிட்டார்கள். லோச்சுவான் படிவின் அடி ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுப் பழையது. கடலடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஓடுகள் சொல்லும் பனியுகக் கணக்கும் இந்த மண் பட்டைகள் சொல்லும் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, எங்கோ கடல், எங்கோ இந்த மேடு! பழைய தட்பவெப்பத்தை அறிய அண்டார்டிகாவில் துளையிட்டு 10 லட்சம் ஆண்டுப் பனியை எட்டவே படாதபாடு பட்டார்கள், ஆனால் புகழெல்லாம் பனிக்குத்தான், தூசியை யார் மதிக்கிறார்கள்.

லோச்சுவான் ஆப்பிளுக்கும் பேர்போன ஊர், அந்தப் பருவத்தில் தோழிகளோடு ஒரு நடை போய்விட்டு வா. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், விளிம்பில் நின்று செல்ஃபியும் எடுக்காதே. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கிற மண்தான், குடைந்து வீடே கட்டியிருக்கிறார்கள், ஆனால் தண்ணீர் பட்டால் பொலபொலவென்று சரிந்துவிடும்.

அம்மா