கோல் அடிக்க ஆள் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பர் 18-ம் தேதி டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பை ஃபுட்பால் தகுதிச் சுற்றில் இந்திய அணி பங்களாதேஷிடம் 1-0 என்று தோற்ற அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 22 வருடம் கழித்து அவர்களிடம் தோற்றிருக்கிறோம். அதற்கு முன்பு அக்டோபரில் கோவாவில், நம் சொந்த மண்ணில், நம் ஆட்டக்காரர் சாங்டே 14-வது நிமிடத்திலேயே கோல் போட்டுக் கொடுத்தும் சிங்கப்பூரிடம் 2-1 என்று கோட்டை விட்டோம், ஜூனில் ஹாங்காங்கில் கடைசி நேர பெனால்டியில் போனது. 2027 ஆசியக் கோப்பையில் நாம் இல்லை. சிங்கப்பூரும் சரி, ஹாங்காங்கும் சரி, மொத்த ஜனத்தொகையே நம்ம பெங்களூருவை விடக் குறைவு.

உடனே எல்லோரும் கோச்சைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டிமாச் போனார், மனோலோ மார்க்வெஸ் வந்தார், அவரும் போனார், அப்புறம் காலித் ஜமில். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று மேட்ச் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை, அதற்கு எந்த கோச் என்ன செய்ய முடியும்? ஓய்வு பெற்றுவிட்ட சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட்டோம், அவரும் வந்து மாலத்தீவுக்கு எதிராக கோல் அடித்தார். அவர் என்றால் எனக்கு உயிர். ஆனால் அவர் இடத்தில் நிற்க ஒரு பையன் இல்லையே.

ஏன் இல்லை? நம் நாட்டின் பெரிய கிளப் லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) மேட்ச்சில் ஒரு அணிக்கு நாலு வெளிநாட்டுக்காரர்கள் இறங்கலாம், அதில் ஒருவர் பெரும்பாலும் நடு ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிறவராக, இருப்பார். காசு போட்ட கிளப்புக்கு ஜெயிக்க வேண்டும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் பையன் விங்கில் ஓடுவான், இல்லையென்றால் பெஞ்சில் உட்காருவான். போதாக்குறைக்கு 2025-ல் அந்த லீக்கே நேரத்துக்குத் தொடங்கவில்லை. அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனமும் ரிலையன்ஸ் தரப்பும் 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் என்றைக்கு முடியும் என்று 15 வருடமாகத் தெரியும், அதை முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டாமா?

நான் அல்சூர் கௌதமபுரத்துக்காரன். பீலேவுக்குச் சிலை வைத்த பேட்டை எங்களுடையது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாதிப் பேர் வெறுங்காலோடும் சாக்ஸோடும் பிரான்ஸை எதிர்த்து ஆடி 2-1 என்று தோற்றபோது அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரு சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நமக்கு 10 கோல் போட்ட அன்று பதிலுக்கு ஒன்று அடித்த அகமது கானும் இந்த ஊர்தான். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசியப் போட்டித் தங்கம் வாங்கிய அணியில் எங்கள் அருமைநாயகம் இருந்தார். அந்தப் பெயரைச் சொல்லும்போதே என் அப்பாவுக்குக் குரல் மாறிவிடும்.

என் மகனுக்கு 15 வயது, இடதுகால் ஆட்டக்காரன், முன்னால் ஆடுகிறவன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மைதானம் இருக்கிறது, அதற்கு வேலி, பூட்டு, வாட்ச்மேன், சாயங்காலம் பையன்கள் போனால் விரட்டுகிறார்கள். டர்ஃபில் ஆட ஒரு மணி நேரத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள், பத்துப் பேர் பங்கு போட்டாலும் வாரத்துக்கு ஒரு நாள்தான் கட்டுப்படியாகும், அதுவும் ஐந்துக்கு ஐந்து ஆட்டம். போன வருடம் முழு மைதானத்தில் அவன் ஆடிய மேட்ச்சுகளை எண்ணிப் பார்த்தேன், 9. கீப்பர் முன்னால் ஓடி வரும்போது பந்தைத் தள்ளுவதா தூக்குவதா என்று யோசிக்க நேரம் கிடையாது, கால் தானாகச் செய்ய வேண்டும், அதற்கு நூறு தடவையாவது நிஜ மேட்ச்சில் தவறவிட்டிருக்க வேண்டும். வருடத்துக்கு 9 மேட்ச்சில் அது எப்படி வரும்?

2023 ஜூலை 4 அன்று கண்டீரவா ஸ்டேடியத்தில் இவனோடுதான் இருந்தேன். தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பை இறுதி ஆட்டம், குவைத்தைப் பெனால்டியில் 5-4 என்று வென்றோம், நம் கீப்பர் குர்பிரீத் கடைசிப் பந்தைத் தடுத்ததும் இவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த மாதம் ஃபிஃபா தரவரிசையில் 99-வது இடத்துக்கு வந்தோம். டாக்கா தோல்விக்குப் பிறகு 142.

மாநகராட்சியும் பள்ளிக்கூடங்களும் மைதானங்களைச் சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது பேட்டைப் பையன்களுக்குத் திறந்துவிட வேண்டும். வயதுவாரியாக வருடம் முழுக்க லீக் நடத்த வேண்டும், பதினைந்து நாளில் முடிந்துபோகிற நாக்அவுட் போட்டிகள் போதாது, முதல் மேட்ச்சில் தோற்றவன் மறுபடி ஆட அடுத்த வருடம் வரை காத்திருக்கிறான்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் நடக்கும் மாவட்ட லீக் முடிவுகளுக்கு வாரம் ஒரு முறை நாலு வரி ஒதுக்குங்கள். யாரோடு யார், எத்தனை கோல், அடித்த பையன் பெயர், அவ்வளவு போதும். நிருபரை அனுப்ப முடியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போய் ஸ்கோர் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கௌதமபுரம் வாசகர்,
அல்சூர், பெங்களூரு