பழைய தையலும் புது வயிறும்

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து அம்மா கைத்தடியோடு நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற முயற்சி செய்யப் போகிறேன் என்று நான் எழுதியதற்கு நீ கடைசியில் போட்டிருந்த ஒற்றை வரிதான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம்: “முதலாவது சிசேரியன், இப்போது எதற்கடி இந்த விஷப்பரீட்சை?” எனக்கே பதில் தெளிவாகாமல் உனக்கு என்ன எழுதுவது?

இப்போது 32 வாரம். போன முறை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பெரியவள் கடைசி வரைக்கும் தலையை மேலே வைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்திருந்தாள். வலி வரும் முன்பே தேதி குறித்து எடுத்துவிட்டார்கள். இந்தக் குழந்தை தலை கீழே திரும்பிவிட்டது. மணிக்கணக்காக வலி எடுத்தும் வழி திறக்காமல் ஆபரேஷன் ஆகியிருந்தால் கதை வேறு. என் விஷயத்தில் அன்றைய காரணம் இன்று இல்லை.

டாக்டர் முதலில் கேட்டது பழைய ஆபரேஷன் குறிப்பை. வயிற்றில் படுக்கைவாட்டில் இருக்கும் தழும்பைக் காட்டினேன். சிரித்துவிட்டார். மேல்தோலை எப்படி வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம், உள்ளே கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதுதான் கேள்வியாம். வீட்டில் ஃபைலைக் குடைந்தேன். தடுப்பூசி அட்டைக்கு அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. கிறுக்கல் எழுத்து, நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தோம்: கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு. மேல்பகுதியில் நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தால் பேச்சே அதோடு முடிந்திருக்கும்.

“ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்” என்று சொல்வார்களே, அது நியூயார்க்கில் எட்வின் க்ரேகின் என்ற டாக்டர் 1916-இல் சொன்னது. அப்போதெல்லாம் அந்த நெட்டுக்குத்து வெட்டுதான் வழக்கம். அவரும் முதல் சிசேரியனை யோசித்துச் செய்யுங்கள் என்று எச்சரிக்கத்தான் அப்படிச் சொன்னார். அந்த வெட்டு இப்போது அரிதாகிவிட்டது, வாசகம் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது.

முயற்சி செய்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடுகிறது. நீ பயப்படுவது, பழைய தையல் வலியின்போது பிரிந்துவிடுமே என்று. என் மாதிரி வெட்டு உள்ளவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு அப்படி ஆகலாம். பகலில் 200 பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அந்த ஒருவர் மட்டும் கண்முன் நிற்கிறார். பிரிந்தால் நிமிடக் கணக்கில் குழந்தையை எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் முதலில் தெரிவது குழந்தையின் இதயத்துடிப்பில் வரும் மாற்றம்தானாம், அதனால் வலி நேரம் முழுக்க மானிட்டர் ஓடும். மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால் ஆபத்து கூடுகிறது. ஆகவே தானாக வலி வந்தால் பார்ப்பது, தேதி தாண்டினால் ஆபரேஷன் என்று பேசி வைத்திருக்கிறோம். முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்துக்கொள்ளத் தடையில்லையாம். அதைக் கேட்டதும் என் வீராப்பு பாதி இறங்கிவிட்டது.

மணிக்கணக்காக வலி பட்டும் நடக்காமல் கடைசியில் ஆபரேஷன் என்றால், முன்பே தேதி குறித்துச் செய்வதைவிடச் சிக்கல் அதிகம். இதையும் டாக்டர் மறைக்கவில்லை. அதற்காக ஆபரேஷனே பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாவது வேண்டாம் என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லையே.

“நார்மலாகப் பெற்றால்தான் பிரசவம்” என்று ஒரு உறவுக்கார அம்மாள் சொன்னார். அப்படியென்றால் என் மகள் பிறக்கவே இல்லையா என்று கேட்டுவிட்டேன். ஆனாலும் என் ஆசையில் அந்த வறட்டுப் பெருமை துளியும் இல்லை என்று உன்னிடம் சத்தியம் செய்ய மாட்டேன். பெரிய காரணம் வேறு. போன முறை தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமியது மறக்கவில்லை. குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது. இப்போது தூக்கு தூக்கு என்று காலைக் கட்டிக்கொள்ளும் மூன்று வயதுக்காரியும் இருக்கிறாள். இவருக்கு ஆபரேஷன்தான் இஷ்டம். தேதி தெரிந்தால் நிம்மதியாம். சண்டை இல்லை, முணுமுணுப்பு மட்டும்.

அடுத்த வாரம் டாக்டரிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது: நடுராத்திரி அவசரம் என்றால் மயக்க டாக்டர் அங்கேயே இருப்பாரா, தியேட்டர் தயாராக எத்தனை நிமிடம் ஆகும்? பதில் மழுப்பலாக வந்தால் நானே தேதி குறித்துக்கொள்வேன், அப்போது நீ ஜெயித்ததாக வைத்துக்கொள்.

அம்மா மாடிப்படி ஏறினாரா என்று எழுது.

உன் தோழி